என் பெயர் இல்லாத கல்

எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தைப் புதுப்பித்துப் பிரதிஷ்டை செய்த அன்று, கல்வெட்டின் மேல் தொங்கிய ஊதாத் திரையைப் பேராயர் நாடாவைப் பிடித்து விலக்கினார். கைதட்டல். பாடகர் குழு சங்கீதத்தை எடுத்தது. பளபளவென்று கறுப்பு கிரானைட், பொன் நிற எழுத்து. முதல் வரி பெரிதாக: ‘தேவனுடைய மகிமைக்கென்று.’ அதற்குக் கீழே பதினாறு பெயர்கள். மேலிருந்து கீழே படித்தேன். பிறகு கீழிருந்து மேலே படித்தேன். என் பெயர் இல்லை.

(திருநெல்வேலிப் பக்கத்தில் நாங்கள் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வோம். வெளியூர் நண்பர்கள் குழம்ப வேண்டாம்.)

மூன்று வருடம் நான்தான் கட்டடக் கமிட்டியின் பொருளாளர். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ், சனிக்கிழமை கூலிக் கணக்கு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டிக் கூட்டம், இரவு மறுபடி ரயில். ஊரைவிட்டுப் போய் மும்பையிலும் சென்னையிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்களைக் கடை கடையாகப் போய்ப் பார்த்து ரசீது கிழித்துக் கொடுத்தவனும் நான்தான். கல்லாவில் கூட்டமாக இருக்கிற நேரம் பார்த்துப் போய், ‘அண்ணாச்சி, கோபுர விஷயமா வந்தேன்’ என்று ஒதுங்கி நின்றிருக்கிறேன். சிமென்ட் விலை ஏறியபோது என் சேமிப்பில் கைவைத்தும் கொடுத்திருக்கிறேன். எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுத விரல் துடிக்கிறது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

பெயர் விடுபட்டதற்குக் காரணம் எளிது. பிரதிஷ்டைக்கு ஒன்றரை மாதம் முன்னால் சபைத் தேர்தல் வந்தது. புதுக் கமிட்டி, புதுப் பொருளாளர். கல் வெட்டக் கொடுத்தது அதற்கு அப்புறம். அப்போது பதவியில் இருந்தவர்கள் பெயர் ஏறியது. யாரும் திட்டமிட்டு என்னை வெட்டவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. வேண்டுமென்றே விட்டிருந்தால் நான் அவர்களுக்கு ஒரு பொருட்டு என்றாவது ஆகியிருக்கும்.

அப்புறம் போட்டோ. கல்லுக்கு முன்னால் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, ‘நீங்களும் வாங்க சார்’ என்றார். ‘இருக்கட்டும், பரவாயில்ல’ என்று தாழ்மையாகச் சிரித்துப் பின்னால் நகர்ந்தேன். இரண்டாம் தடவை கூப்பிடுவார்கள், மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள் என்பது என் கணக்கு. இரண்டாம் தடவை யாரும் கூப்பிடவில்லை. போட்டோ எடுத்து முடித்துப் பந்தலுக்குப் போய்விட்டார்கள்.

ஜெபத்தில் குருவானவர், ‘எல்லாத் துதி கன மகிமையும் உமக்கே செலுத்துகிறோம்’ என்றார். நான் உரக்க ஆமென் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவியிடம் புலம்பினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “மேல முதல் வரிய வாசிச்சியளா?”

வாசித்தேன்தான். அந்த வரி கல்லின் தலையில் போடும் சுழி மாதிரி. பழைய கிறிஸ்தவக் கடிதங்களில் உச்சியில் ஒரு சிலுவைக்குறி போட்டுவிட்டு, கீழே நிலத் தகராறைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருப்பார்களே, அப்படி. கண் அதைத் தாண்டி நேராகப் பெயர்களுக்குப் போய்விடும். எங்கள் கோயிலில் மரப் பெஞ்சு முதுகில் பெயர் உண்டு, பீரோவில் உண்டு, ஒலிபெருக்கிப் பெட்டியில் உண்டு. மின்விசிறி இறக்கையிலும் உண்டு. சிவப்புப் பெயின்டில், மூன்று இறக்கைக்கும் சேர்த்துத் தகப்பன், தாய், ஊர். விசிறி சுற்றும்போது எதுவும் தெரியாது. கரண்ட் போனால்தான் கொடுத்தவர் பெயர் தெரியும். சின்ன வயதில் பிரசங்கம் நீளும்போது கரண்ட் போகாதா என்று காத்திருந்து அந்தப் பெயர்களைப் படித்திருக்கிறேன்.

நம் சபைகளில் தாழ்மைக்கென்று ஒரு மொழி வளர்ந்திருக்கிறது. ஐம்பது வருடமாக அதைக் கேட்டு வளர்ந்தவன், பேசவும் தெரிந்தவன். ‘நான் ஒன்றுமில்லை, எல்லாம் கர்த்தர்.’ ‘என்னை மறைத்து உம்மை வெளிப்படுத்தும்.’ ‘இந்த எளிய பாத்திரத்தை...’ சாட்சி நேரத்தில் ஒருவர் எழுந்து, ‘மனுஷனை அல்ல, தேவனையே மகிமைப்படுத்த நிற்கிறேன்’ என்று தொடங்குவார். அடுத்த இருபது நிமிடம் அவர் பையனுக்கு மெரிட்டில் சீட்டு கிடைத்தது, கலெக்டர் எழுந்து நின்று கைகொடுத்தது, ஊரில் அவர் மட்டும் லஞ்சம் கொடுக்காமல் பத்திரம் முடித்தது. முடிவில் மறுபடி, ‘கர்த்தருக்கே மகிமை.’ நற்செய்திக் கூட்டங்களின் ஃப்ளெக்ஸ் போர்டுகளைச் சொல்லவே வேண்டாம். ‘அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்’ என்ற யோவான் ஸ்நானகனின் வசனம் கீழே ஒரு மூலையில். பிரசங்கியாரின் முகம் ஆள் உயரத்துக்கு நடுவில். இதைச் சொல்லிச் சிரிக்கிற எனக்கு அந்தப் போட்டோ ஞாபகம் வருகிறது. இரண்டாம் தடவை கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேனே, என் ஃப்ளெக்ஸ் போர்டு அதுதான். கொஞ்சம் மலிவான ரகம்.

ஞாயிறு பள்ளியில் எங்களைப் பயமுறுத்திய கதை ஏரோது ராஜாவுடையது. வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரம். ராஜ வஸ்திரம் தரித்து சிங்காசனத்தில் உட்கார்ந்து பேசுகிறான். ஜனங்கள், ‘இது மனுஷசத்தமல்ல, இது தேவசத்தம்’ என்று ஆர்ப்பரிக்கிறார்கள். அவன் மறுக்கவில்லை. தேவனுக்கு மகிமையைச் செலுத்தாதபடியினால் தூதன் அடிக்க, புழுப்புழுத்துச் செத்தான். டீச்சர் ‘புழு’ என்று சொல்லும்போது கைவிரலை நெளித்துக் காட்டுவார். அன்று மத்தியானம் சோறு இறங்காது.

இரண்டு அதிகாரம் தள்ளி வரும் லீஸ்திரா என்ற ஊரின் சம்பவத்தை யாரும் அந்த அளவுக்குச் சொல்லித் தந்ததில்லை. எனக்கு அதுதான் இப்போது அதிகம் உறைக்கிறது, ஏனென்றால் அது அப்படியே நம்மூர் மேடை. பிறவியிலிருந்தே நடக்காத ஒருவனை அப்போஸ்தலர் பவுல் எழுந்து நிற்கச் சொல்கிறார். அவன் குதித்தெழுந்து நடக்கிறான். தேவர்களே மனுஷ ரூபமெடுத்து இறங்கி வந்துவிட்டார்கள் என்று ஊர் கூடிவிடுகிறது. கூட வந்த பர்னபாவுக்கு யூப்பித்தர் என்று பெயர் வைக்கிறார்கள். பேச்சை நடத்துகிறவர் என்பதால் பவுலுக்கு மெர்க்கூரி. பூசாரி எருதுகளையும் பூமாலைகளையும் வாசலுக்கே கொண்டுவந்துவிடுகிறார். பூமாலை! பொன்னாடை ஒன்றுதான் பாக்கி. அவர்கள் இருவரும் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடி, ‘மனுஷரே, ஏன் இப்படிச் செய்கிறீர்கள்? நாங்களும் உங்களைப்போலப் பாடுள்ள மனுஷர்தானே’ என்று கத்துகிறார்கள். அப்படியும் கூட்டத்தைத் தடுப்பது பெரும்பாடாக இருந்தது என்று எழுதியிருக்கிறது.

அடுத்த வசனத்திலேயே அந்தியோகியாவிலிருந்தும் இக்கோனியாவிலிருந்தும் வந்தவர்கள் ஜனங்களைக் கிளப்பிவிட, பவுலைக் கல்லெறிந்து, செத்தான் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப் போடுகிறார்கள். மாலைக்கும் கல்லுக்கும் நடுவே சில வசனங்கள்தான் இடைவெளி. மேடையில் மாலை விழும்போது ‘ஐயோ, இதெல்லாம் எதுக்கு’ என்று சொல்லிக்கொண்டே கழுத்தைக் குனிந்து கொடுக்கிறோமே, அந்தக் குனிவு பவுலிடம் இல்லை. அவர் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடினார். நாகரிகமாக மறுக்கிற ஆளாக அவர் தெரியவில்லை; தீ விபத்தைப் பார்த்தவர் மாதிரி இருக்கிறார்.

அந்த வருடம் மழை முடிந்த பிறகு, வேறு ஒரு வேலையாக வள்ளியூர்ப் பக்கம் போனபோது டோனாவூருக்கும் போனேன். பள்ளிக்கூட நாட்களில் ஒரு தடவை போயிருக்கிறேன். பஸ்ஸில் பாட்டுப் பாடியதும் புளியோதரை சாப்பிட்டதும்தான் நினைவில் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். வயல், வாழை, பனை, அப்புறம் சட்டென்று மரங்களுக்குள் ஒரு தனி உலகம். ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனெரி அம்மையார் கோயில்களுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளையும், பின்னால் ஆண் குழந்தைகளையும் கொண்டுவந்து வளர்த்த இடம்.

அயர்லாந்தில் 1867-இல் பிறந்தவர். 1895-இல் இந்தியா வந்தார். 1901-இல் டோனாவூர். அதன்பின் ஒரு தடவைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்ததிலிருந்து கடைசிவரை பெரும்பாலும் படுக்கைதான். 1951 ஜனவரி 18 அன்று அங்கேயே இறந்தார். தன் கல்லறைமேல் கல் எதுவும் வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகள் கேட்டார்கள், ஆனால் முழுதாகக் கேட்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அங்கே வைத்து, தாங்கள் அவரை அழைத்து வந்த ஒரே ஒரு சொல்லை, ‘அம்மா’ என்று பொருள்படும் சொல்லை, அதில் பொறித்தார்கள். பிறந்த தேதி, இறந்த தேதி, வசனம், பட்டம், எதுவும் இல்லை.

அந்தத் தொட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். மனம் என்னவோ கறுப்பு கிரானைட்டையே நினைத்தது. பதினாறு பெயர்.

ஊர்ப் பெயரைப் பற்றி யோசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. டோனாவூர் என்ற பெயரே ஒரு ‘உபயம்’தான். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த மிஷன் வேலைக்குப் பணம் கொடுத்த டோனா என்கிற ஜெர்மானியப் பிரபுவின் பெயர் அது. எங்கள் மாவட்டங்களில் இப்படி இன்னும் உண்டு. நிலம் வாங்க உதவிய சாயர் என்ற வணிகரின் பெயரில் சாயர்புரம் இருக்கிறது. அங்கே பிறந்தவர்கள் எல்லாம் நன்கொடையாளர் பெயரை இனிஷியலில் சுமந்துகொண்டு திரிகிறார்கள். பணம் அனுப்பியவர் ஊருக்கே பெயரானார். ஐம்பது வருடம் அந்த மண்ணில் கிடந்தவருக்குக் கல்லில்கூடப் பெயர் இல்லை. டோனாப் பிரபுவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தன் பெயரை வைக்கச் சொல்லி அவர் கேட்டிருக்கவும் வேண்டியதில்லை, நம் ஆட்களே நன்றிக்கு வைத்திருப்பார்கள். பெயர் வைப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டும் ஒரே ஊரில் இருப்பது ஒரு நல்ல பிரசங்கம், பேச ஆள் தேவையில்லாத பிரசங்கம்.

1919-இல் பிரிட்டிஷ் அரசு ஏமி அம்மையாருக்குப் பொதுத்தொண்டுக்கான கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. மறுத்தால் ரொம்ப மரியாதைக் குறைவாகுமா என்று கேட்டு சென்னை கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபுவுக்கே கடிதம் எழுதினார். நான் இதற்குத் தக்கது எதுவும் செய்யவில்லை, புறக்கணிக்கப்பட்ட என் ஆண்டவரின் அனுபவத்துக்கு இவ்வளவு மாறான ஒன்று எனக்கு வருவது சங்கடமாக இருக்கிறது என்பது அதன் சாரம். வேண்டாம் என்று சொல்வது சரியாகாது என்று மற்றவர்கள் எடுத்துச் சொன்னதால் கடைசியில் ஏற்றுக்கொண்டார். வாங்கிக்கொள்ளும் விழாவுக்குச் சென்னைக்குப் போகவில்லை. ‘இரண்டாம் தடவை கூப்பிடுவார்கள்’ என்ற கணக்கு அவரிடம் இல்லை. கூப்பிட்டும் போகவில்லை.

இதில் ஒரு சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. இவ்வளவு பெயர் வேண்டாதவர் ஏன் இத்தனை புத்தகங்கள் எழுதினார்? முப்பதுக்கும் மேல். உலகம் முழுக்க அவர் பெயர் தெரிவதற்குக் காரணமே அந்தப் புத்தகங்கள்தான். தாழ்மைக்கும் பிரபலத்துக்கும் நடுவே அவருக்கும் ஒரு சிக்கல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் புத்தகங்களில் ஒன்று முழுக்க முழுக்கப் பொன்னம்மாளைப் பற்றியது. இளம் விதவையாக வந்து சேர்ந்து, கைக்குழந்தைகளை வளர்க்கும் பாரத்தைச் சுமந்து, 1915-இல் புற்றுநோயில் இறந்துபோன தமிழ்ப் பெண். நூறு வருடத்துக்கு முந்தைய மிஷனெரி அறிக்கைகளைப் புரட்டினால் உள்ளூர் உதவியாளர்கள் பெரும்பாலும் ‘ஒரு பைபிள் பெண்’, ‘ஒரு உபதேசியார்’ என்றுதான் வருவார்கள். இவர் அந்த ஒரு பெண்ணுக்குத் தனிப் புத்தகமே எழுதிவிட்டார். தன் கல்லில் பெயர் வேண்டாம் என்றவர் அடுத்தவளின் பெயரைப் புத்தகத் தலைப்பில் வைத்தார்.

வீடு திரும்பிய அன்று இரவு இது என்னைத் தூங்கவிடவில்லை. ‘எல்லாம் கர்த்தர் செய்தார்’ என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. அப்படிச் சொல்லிவிட்டால் கூட வேலை செய்தவர்களை எண்ண வேண்டியதில்லை. மகிமையை மேலே அனுப்பிவிட்டு, மிச்சத்தை மேடையில் இருக்கிறவர்கள் சத்தமில்லாமல் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

எழுந்துபோய்ப் பழைய கணக்கு நோட்டுகளை எடுத்தேன். மூன்று நீளமான பேரேடுகள், அட்டையில் நானே ஒட்டிய வெள்ளைக் காகிதம். ஒவ்வொரு சனிக்கிழமைப் பக்கமும் என் கையெழுத்தில். சிமென்ட் மூட்டை இத்தனை, கம்பி இத்தனை, சாரம் கட்டக் கம்பு வாடகை. தலைமைக் கொத்தனார் பெயர் இருந்தது. மற்றக் கொத்தனார்களில் இரண்டு பேர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி, ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி:

சித்தாள் – 6.

அவ்வளவுதான். ஆறு பெண்கள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்து, சும்மாடு நழுவாமல், அத்தனை உயரத்துக்குச் சாரப்படி ஏறி இறங்கியவர்கள். கோபுரத்தின் மேல்தட்டு பூசும்போது காற்று அடித்தால் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு கையால் கம்பைப் பிடித்தபடி நிற்பார்கள். கீழே நிற்கிற எனக்கு வயிறு கலங்கும். அவர்கள் எங்கள் சபைக்காரர்களும் இல்லை, பக்கத்து ஊர். மூன்று வருடம் நான் வந்த சனிக்கிழமைகளில் எல்லாம் என் கையால் கூலி வாங்கிப் போனார்கள். அவர்கள் பெயரை ஒருநாளும் நான் எழுதவில்லை. கல்லில் விட்டவர்களாவது ஒரே ஒரு தடவை விட்டார்கள்.

அந்த இரவுதான் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தை, ரோமர் 16-ஐ, முதல் தடவையாக உட்கார்ந்து படித்தேன். அதுவரை அது எனக்கு ஒரு தாண்டிப்போகும் அதிகாரம். பெயர்ப் பட்டியல் என்பதால் சபையில் வாசிக்கிறவர்களும் தடுமாறுவார்கள். ‘நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்’ என்று எழுதிய அதே பவுல், இங்கே 30-க்கும் மேற்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கெங்கிரேயா சபை ஊழியக்காரி பெபேயாள் முதல் ஆள். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகக் கழுத்தையே கொடுத்தவர்கள் என்கிறார். மரியாள் மிகவும் பிரயாசப்பட்டவள், பெர்சியாள் மிகவும் பிரயாசப்பட்டவள். திரிபேனாள், திரிபோசாள் என்று இரண்டு பேர், அக்கா தங்கையாக இருக்கலாம். ஒருவனுடைய தாயை ‘எனக்கும் தாய்’ என்கிறார். எந்த ஊரில் அந்த அம்மா இவருக்குச் சோறு போட்டாளோ! சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த ஆளும் நடுவில் தலையை நீட்டுகிறான்: ‘இந்த நிருபத்தை எழுதின தெர்தியு என்னும் நான்...’ பவுல் அதை அடிக்கச் சொல்லவில்லை. எழுத்தருக்கும் ஒரு வரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பட்டியல் முடிந்த பிறகு, அதிகாரத்தின் கடைசி வசனத்தில், ஞானமுள்ள ஒரே தேவனுக்கு மகிமை உண்டாவதாக என்று முடிக்கிறார். எங்கள் கல்லில் மகிமை வரி முதலில், பெயர்கள் பிறகு. இவர் அத்தனை பேருக்கும் பேர் சொல்லி நன்றி செலுத்திவிட்டுத்தான் அங்கே போகிறார். தேவனுக்கு மகிமை கொடுத்தால் மனிதர்களுக்குக் குறைந்துவிடும், மனிதர்களைப் பாராட்டினால் தேவனுக்குக் குறைந்துவிடும் என்ற கணக்கு அவருக்குத் தெரியாது போலும். பொருளாளர்கள் போடுகிற கணக்கு அது.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது தலைமைக் கொத்தனாரைத் தேடிப் போனேன். வேறொரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தார். சித்தாள்களின் பெயர் கேட்டதும் சம்பள பாக்கி ஏதோ இருக்கிறது என்று நினைத்துவிட்டார். நாலு பேர் பெயர் சொன்னார். ஐந்தாவது ஆள் கல்யாணமாகிக் கோவில்பட்டிப் பக்கம் போய்விட்டாளாம், பெயர் கடைசியில் ஞாபகம் வந்தது. ஆறாவது ஆள் மாறி மாறி வந்ததால் தெரியவில்லை என்றார். அங்கேயே மணல் சலித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டி, ‘இந்தா, இவளும் உங்க கோபுரத்துல இருந்தவதான்’ என்றார். எனக்கு முகம் தெரிந்தது. அந்தப் பெண் சல்லடையை நிறுத்தாமலே சொன்னாள்: “பஸ்ஸுல அந்தப் பக்கம் போம்போது எம் பிள்ளைக்குக் காட்டுவேன் சார். அந்தா சிலுவைக்குக் கீழ இருக்குல்ல, அதுக்குச் சாந்து சொமந்தது உங்கம்மைதான்னு.”

இதைப் பெருமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் சொன்னது நடந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. எனக்குள்ள வியாதி அவளுக்கு இல்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அவள் சொல்லிவிட்டு மறுபடி மணல் சலித்தாள். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பெயர்களை எழுதி, ஆறாவது எண்ணுக்கு நேரே இடம் விட்டு வைத்திருக்கிறேன். கமிட்டியில் சொல்லி ஒரு சின்னப் பலகை வைக்கலாமா என்று யோசித்தேன். அதை முன்மொழிந்தவர் என்று என் பெயர் குறிப்புப் புத்தகத்தில் ஏறும் என்ற நினைப்பும் உடனே வந்தது. இந்த மனசை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது! இந்தப் பதிவைக்கூட எத்தனை பேர் படித்தார்கள் என்று நாளைக்கு நான் பார்க்கத்தான் போகிறேன்.

ஒரு வருடம் கழிந்து பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. கல்லில் ஒரு மூலையில் பொன் நிறம் உதிர்ந்து, பேராயரின் பட்டங்களில் ஒன்று வாசிக்க முடியாமல் இருந்தது. இந்த முறை கல் பக்கமே போகக் கூடாது என்று நினைத்துத்தான் போனேன். போய் முதல் வேலையாக அதைப் பார்த்தேன்.

சாயந்திரம் அசனம். தெரியாதவர்களுக்கு: பண்டிகையில் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. ஊர்க்காரர்கள் அரிசியும் பருப்பும் காய்கறியும் கொண்டுவந்து கொடுப்பார்கள். மண்ணில் நீளமாகக் குழி வெட்டி விறகு அடுக்கி, அண்டா அண்டாவாக வேகும். வடித்த சோற்றைப் பாய்மேல் விரித்த வெள்ளைத் துணியில் மலை மாதிரி கொட்டுவார்கள். எந்த வீட்டு அரிசி எது என்று அதற்கு அப்புறம் எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. கடைக்காரர் கொடுத்த மூட்டை பொன்னியும் ரேஷன் அரிசியும் ஒரே ஆவியில் கிடக்கும்.

என் பெரியம்மா அசனத்துக்கு வருடா வருடம் கொண்டுவருவது பிடியரிசி. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார். எங்கள் பாட்டி காலத்துப் பழக்கம். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரிச் சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம்மூர் ஆட்கள், நம்மூர்க் காணிக்கை என்பதுதான் அதன் கொள்கை. தொடங்கியவர்களில் ஒருவரான வே. ச. அசரியா பின்னால் 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். அவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். உலையிலிருந்து ஒரு பிடி குறைத்த பெண்கள் யார் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

நான் போனபோது பெரியம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தொன்பது வயது. என்னைப் பார்த்ததும், “ஏலே, வெள்ளச் சட்டையப் போட்டுட்டு வேடிக்க பாக்கவா வந்த? அந்த முருங்கக்காய எடு” என்றார். உட்கார்ந்து நறுக்கினேன். போன வருடம் கல்லில் பெயர் விட்டுப் போனதை அவரிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு ஆசை. சுற்றி வளைத்துச் சொன்னேன். பெரியம்மா ஒரு காயை முடித்து அடுத்ததை எடுத்தார்.

“எந்தக் கல்லு?” என்றார்.

வருடம் முழுக்க ஞாயிறு தவறாமல் அந்தக் கல்லைத் தாண்டித்தான் கோயிலுக்குள் போகிறார். எழுதப் படிக்கத் தெரியும். வேதப் புத்தகத்தை இரண்டு தடவை முழுக்க வாசித்தவர்.

அப்போது சபை வாலிபன் ஒருவன் நோட்டும் பேனாவுமாக வந்தான். பொருள் கொடுத்தவர்களின் பட்டியல், சாப்பாட்டுக்கு முன்னால் மைக்கில் வாசிப்பார்களாம். பெரியம்மாவின் ஓலைப்பெட்டியைத் தூக்கிப் பார்த்து, “பாட்டி, எத்தன படி இருக்கும்? உங்க பேருல எழுதிக்கிடுதேன்” என்றான்.

“எழுதாத” என்றார் பெரியம்மா.

எனக்கு உடனே மத்தேயு 6 நினைவுக்கு வந்தது, வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்பது. இந்தப் பதிவுக்குத் தோதான ஒரு வசனத்தை அவர் வாயிலிருந்து எதிர்பார்த்து நிமிர்ந்தேன்.

“எழுதினா அடுத்த வருசம் குறஞ்சா கேப்பிய. போ, போயி அண்டால தட்டு. அந்த உப்பு யாரு போட்டா? அவன இங்க வரச் சொல்லு.”

பையன் பெட்டியைக் கொண்டுபோய்க் கவிழ்த்தான். நான் முருங்கைக்காயை எடுத்தேன்.